பார்வையாளர் வந்த நாளில் ஒத்திலியா

ஒத்திலியா ஆசிரியை ஆனபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் உதவியாளராகக் குப்பை கொட்டியவள். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தாள், நகல் எடுத்தாள், தன் மகள் வயதுப் பெண்கள் ஆசிரியைகளாக வந்து தன்னை ஏவியதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். டெக்சஸின் எல்லையோர ஊர். அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. காலையில் ஸ்பானிஷ், சாப்பாட்டுக்குப் பிறகு ஆங்கிலம்.

முதல் வருஷ ஆசிரியைகளின் பாடத்தைப் பார்வையாளர் ஒருவர் மூன்று முறை வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். முதல் இரண்டு முறையும் அவள் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவதும் போனால் பழையபடி மூக்குத் துடைக்க வேண்டியதுதான்.

பிள்ளைகளை அடக்கத் தெரியாதவள் அல்ல அவள். மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் இருபத்திரண்டு வாயும் மூடிக்கொள்ளும். இருபத்து மூன்றாவது வாய்தான் அவளுக்குச் சனியன். யோசெலின் ஹோண்டுராஸிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. போன முறை பார்வையாளர் குனிந்து பெயர் கேட்டதும் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ‘சில மாணவர்கள் பங்கேற்பதில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்.

விளையாட்டு நேரத்தில் மற்ற பிள்ளைகள் ஓடிய பிறகு, ஒத்திலியா யோசெலினைப் பிடித்து வைத்து, புத்தகத்தில் எழுத்துக்கு அடியில் விரலை நகர்த்துவாள். “வாய்ல என்ன கொழுக்கட்டையா? சொல்லுடி! கல்லுக்குச் சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் வாயத் தொறந்திருக்கும்.” யோசெலின் விரலையே பார்ப்பாள்.

மூன்றாவது முறை பார்வையாளர் வரவிருந்த காலையில், எல்லா ஆசிரியைகளும் செய்கிற காரியத்தை ஒத்திலியாவும் செய்தாள். ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து, யோசெலினிடம் கொடுத்தாள். “பக்கத்து வகுப்பு செலா மிஸ் கிட்ட குடு. ஓடு.”

பார்வையாளர் மிஸ்டர் ஹாலிஸ் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஸ்பானிஷ் பாடத்துக்கு மதிப்பெண் போட அது தெரிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பாடம் வெண்ணெயாய் வழுக்கிப் போனது. கேட்ட கேள்விக்கெல்லாம் கைகள் எழுந்தன.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. செலாவின் வகுப்பு நூலகம் போயிருந்தது. அதுவரை அந்தப் பூட்டிய கதவின் முன் நின்றிருந்த யோசெலின் தாளோடு திரும்பி வந்து நின்றாள். ஒத்திலியாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“அடடே, கையில என்னம்மா? எனக்குப் படிச்சுக் காட்டேன்!” என்றார் ஹாலிஸ் ஆங்கிலத்தில், தாளைக் காட்டி.

யோசெலின் தாளைப் பிரித்தாள். எழுத்துக்கு அடியில் விரலை வைத்தாள். ஸ்பானிஷில், தெள்ளத் தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தாள்.

“செலா, இந்த ஊமைச் சனியனப் பதினோரு மணி வரைக்கும் அங்கயே வெச்சுக்கோ. இங்க இருந்தா என் மானத்த வாங்கிடும். மண்டையில ஒண்ணும் ஏறல. ஏறவும் ஏறாது.”

வகுப்பில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் ஒத்திலியாவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். ஹாலிஸ் மட்டும் பூரித்துப்போனார். “பிரமாதம்! போன தடவை வாயே தொறக்காத பொண்ணுதானே இது? எல்லாரும் எவ்வளவு மரியாதையா கேக்கறாங்க பாருங்க! என்ன கதை இது?”

“நட்பப் பத்தி, சார்,” என்றாள் ஒத்திலியா.

யோசெலின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து மாதத்தில் அவள் தானாக, ஸ்பானிஷில், பேசியது இதுதான்: “பதினோரு மணி ஆயிடுச்சா மிஸ்? உள்ள வரலாமா, வெளிய நிக்கட்டுமா?”

‘வா’ என்ற சொல் ஒத்திலியாவின் வாய்வரை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் உள்ளே வந்தால் இந்தப் பெண் இன்னும் பேசும், அந்த ஆள் இன்னும் கேட்பார், யாராவது ஒரு பொடிசு ஆங்கிலத்தில் சொல்லித் தொலைக்கும். அவள் சிரித்தாள், ஹாலிஸுக்குத் தெரியும்படி நன்றாகச் சிரித்தாள். குரலில் தேன் வடிய ஸ்பானிஷில் சொன்னாள்: “இன்னும் ஆகலடா கண்ணு. வெளிய நில்லு.”

யோசெலின் தாளை அவள் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

‘ஒரு சொல்லில் கீழ்ப்படிகிறார்கள்’ என்று எழுதி, முழு மதிப்பெண் போட்டார் ஹாலிஸ்.