கனல்வேந்தனுக்கு எப்போதும் இருபத்தொன்பது

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று சண்முகம் சார் என் கையில் ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். "இதாம்மா நம்ம கன்டின்யுட்டி. இதுல இருக்கறதுதான் நடந்தது. இதுல இல்லாதது நடக்கவே இல்ல" என்றார்.

நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அங்கிருந்துதான் மாதாமாதம் 'கனல்வேந்தன்' சித்திரக்கதை வெளிவந்தது. முதலாளி, ஆசிரியர், கதாசிரியர் எல்லாம் சார்தான். படம் வரைபவர் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். எனக்கு மூன்று வேலை. பாத்திரங்கள் பேசும் பலூன்களில் எழுத்துப் போடுவது, வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, அந்த நோட்டைப் பராமரிப்பது.

நோட்டின் முதல் பக்கத்தில் கனல்வேந்தனின் விவரம் இருந்தது. உண்மைப் பெயர் சபாபதி. சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். அப்பா புயலில் இறந்தவர். பத்தொன்பது வயதில் சக்தி கிடைத்தது. இப்போது வயது இருபத்தொன்பது. ஆபத்து என்றால் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து உடை மாற்றிக்கொண்டு வெளியே பறப்பான்.

நான் சேரும்போதே கதை தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. "அப்போ இவனுக்கு நாற்பது ஆகணுமே சார்" என்றேன்.

"நாப்பது ஆனா எவன் வாங்குவான்? சுகர் மாத்திரையப் போட்டுகினு பறப்பானா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

2. பத்து வருஷ விதி

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த விதிதான். நாயகனுக்குச் சக்தி கிடைத்தது எப்போதும் பத்து வருஷத்துக்கு முன்னால். இன்று எந்த வருஷமோ அதிலிருந்து பத்தைக் கழிக்க வேண்டும். வருஷம் நகர நகர அவனுடைய கடந்த காலமும் பின்னாலேயே நகர்ந்து வரும்.

சொல்ல எளிது. செய்யும்போதுதான் தாவு தீரும். சபாபதியின் அப்பா செத்த புயல் பழையதாகிப்போனால், அவரை அடுத்த புயலில் சாகடிக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் புயலுக்குப் பஞ்சமில்லை என்பதால் பிழைத்தோம். என் காலத்தில் மட்டும் அந்த மனுஷன் மூன்று புயல்களில் செத்தார். எஸ்.டி.டி. பூத்துகள் ஊரை விட்டே போனதும் ஏ.டி.எம். அறையில் உடை மாற்றினான். "ஏ.டி.எம்மில் கேமரா இருக்குமே?" என்று சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டார். கனல்வேந்தனின் உடற்சூட்டில் கேமரா சில நொடி மங்கிவிடும் என்று பதில் எழுதினேன். வாய்க்கு வந்ததை எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பழைய கதையை நாங்கள் அழிப்பதில்லை. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவோம். பத்து வாசகரில் ஒன்பது பேர் மறந்துவிடுவார்கள். பத்தாமவர் கடிதம் போடுவார். அந்தப் பத்தாமவர்களுக்காக எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. கதையில் பத்துத் தவறுகளைக் கண்டுபிடித்து எழுதும் வாசகரின் பெயரை ஒரு பாத்திரத்துக்கு வைப்போம். போட்டோ அனுப்பினால் முகத்தையும் அப்படியே வரைந்துவிடுவோம்.

3. தனசேகர்

தனசேகர் கடிதம் போடவில்லை. பத்துத் தவறுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நேரிலேயே வந்தான். சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் கான்ட்ராக்ட் வேலை, வயது இருபத்திரண்டு, சுருட்டை முடி, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. "ஒரே நாள்ல சபாபதி ஏ ஷிஃப்ட்டும் போறான், பி ஷிஃப்ட்டும் போறான், ராத்திரி முழுக்கப் பறக்கறான். அப்ப எப்பங்க தூங்கறான்?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டைப் பார்த்தால், தவறு என்னுடையது.

அடுத்த மாதமே தனசேகர் கதைக்குள் வந்தான். கன்வேயர் ஃபிட்டர், இருபத்திரண்டு வயது, சபாபதியின் ரகசியம் தெரிந்த ஒரே நண்பன். ஆபத்து வந்து கனல்வேந்தன் பறக்க வேண்டியிருந்தால், சபாபதியின் ஷிஃப்ட்டைத் தனசேகர் மாற்றிக்கொள்வான். மூன்று படக் கட்டங்களில் வந்தாலே அதிகம். ஆனாலும் தன் முகம் வந்த இதழ்களை நிஜத் தனசேகர் நண்பர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தான்.

இரண்டு வருஷத்தில் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனான்.

அந்தச் செய்தியைச் சொன்னவர் அவனுடைய அப்பா கலியமூர்த்தி. சுரங்கத்தில் பெர்மனென்ட் மெக்கானிக். ஏ ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு மாடியேறி வந்து நின்றார். வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு மேசைமேல் கிடந்த இதழை எடுத்துப் பார்த்தார். பிறகு, "இந்த மாசம் எம் புள்ள வர்றானா மேடம்?" என்று கேட்டார்.

அந்த மாத இதழில் அவன் இல்லை. வருகிறான் என்று சொன்னேன். படம் வரைபவரிடம் கெஞ்சிக் கேன்டீன் காட்சியின் பின்னால் அவனை நிற்க வைத்தேன்.

அதன்பிறகு இதழ் வெளியாகும் நாளில் கலியமூர்த்தி வராமல் இருந்ததில்லை. நின்றபடியே பக்கங்களைப் புரட்டுவார். மகன் இருக்கும் பக்கம் வந்ததும் நிறுத்துவார். "இப்ப என்ன வயசுங்க இவனுக்கு?" என்பார். "இருபத்திரண்டுதாங்க" என்பேன். "ஆமா, அதான" என்று தலையாட்டிக்கொண்டு இறங்கிப்போவார். இப்படியே எட்டு வருஷம். அதுவரை கேலியாக நினைத்திருந்த பத்து வருஷ விதியின்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. காலம் நகராமல் இருப்பதால் ஒருவருக்காவது ஆறுதல் கிடைக்கிறதே என்று நினைத்தேன்.

4. பட்டியல்

விற்பனை விழுந்தது. சென்னையிலிருந்து ஒரு புது எழுத்தாளரைச் சார் பிடித்துவந்தார். இருவரும் பேசி ரீபூட் செய்வதென்று முடிவானது. இதழ் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பழைய கதைகள் எதுவுமே நடக்கவில்லை. சபாபதி வேலைக்கே இன்றுதான் சேர்கிறான்.

நோட்டிலிருந்த எல்லாப் பாத்திரங்களையும் 'வைக்க', 'நீக்க' என்று இரண்டாகப் பிரித்துப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். ரகசியம் தெரிந்தவர்கள் யாருமே வேண்டாம் என்றார் எழுத்தாளர். நான் தனசேகருக்காகச் சாரிடம் போய் நின்றேன்.

"அந்த ஃபிட்டர் பையனா? அவன் என்னம்மா பண்றான் கதையில?"

"ஷிஃப்ட் மாத்திக் குடுக்கறான் சார்."

"இப்பல்லாம் பயோமெட்ரிக். கை ரேகை வெக்கணும். எங்க மாத்தறது?"

"அவங்க அப்பா மாசாமாசம் வர்றாரு சார்."

சார் கெட்டவர் இல்லை. யோசித்தார். "சரி, பேரும் மூஞ்சியும் இருக்கட்டும். மத்தத ரைட்டர் பாத்துக்குவாரு" என்றார். 'வைக்க' என்ற பக்கத்தில் நானே என் கையால் அவன் பெயரை எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அன்று நினைத்தேன். மடத்தனம்.

நோட்டிலிருந்து எடுத்து அந்த எழுத்தாளருக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்: தனசேகர், 22, கன்வேயர் ஃபிட்டர், சுருட்டை முடி, இடது புருவத்தில் தழும்பு, ரகசியம் தெரியும். அவன் எப்படிப்பட்டவன் என்று ஒரு வரி இல்லை. இருபது வருஷமாக நான் நோட்டில் எழுதியதெல்லாம் வயது, ஷிஃப்ட், தழும்பு, எந்தக் கையில் வாட்ச் என்பதுதான். குணத்துக்கு நோட்டில் கட்டமே கிடையாது. அதெல்லாம் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

கலியமூர்த்தி வந்தபோது, "கவலைப்படாதீங்க, எல்லாம் மாறுது, ஆனா தனசேகர் இருக்கான்" என்றேன். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

5. புது நாலாம் இதழ்

அதற்குள் பலூன்களில் எழுத்துப் போடும் வேலை சென்னையில் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அச்சாகி வந்த பிறகுதான் நானும் கதையைப் பார்ப்பேன். அன்று பார்சலைப் பிரித்து முடிப்பதற்குள் கலியமூர்த்தி வந்துவிட்டார். ஒரு பிரதியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த இதழில் தனசேகர் நண்பனின் ரகசியத்தை எதிரிகளுக்கு விற்கிறான். அவர்கள் சபாபதியின் அம்மாவைக் கொல்கிறார்கள். கடைசிப் பக்கம் முழுவதும் தனசேகரின் முகம், சிரித்தபடி. அதே சுருட்டை முடி, அதே தழும்பு. கீழே 'துரோகி தனா' என்று பெரிய எழுத்து.

கலியமூர்த்தி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "அவன் இப்படிப் பண்ணமாட்டான் மேடம்" என்றார்.

நூறு வாசகர்களுக்கு எழுதிப் பழகிய பதிலை அவரிடமும் சொன்னேன். "இது வேற தனசேகருங்க. இந்தக் கதை வேற உலகத்துல நடக்குது. பழைய உலகத்துல உங்க பையன் அப்படியேதான் இருக்கான்."

"எனக்கு ஒரு புள்ளதாங்க. செத்துட்டான்னு மனசத் தேத்திகினு இருந்தேன். இப்பக் கெட்டுப்போனான்னும் ஆக்கிட்டீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "பேர மட்டும் மாத்தச் சொல்லுங்க மேடம்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாரிடம் கேட்டேன். மேசைமேல் கிடந்த கடிதக் கட்டைக் காட்டினார். "எல்லாம் தனா, தனாதான். புத்தகம் விக்கறதே அவனாலதாம்மா. இப்பப் போய்ப் பேர மாத்துவாங்களா?"

"அப்ப அவனைச் சாகடிச்சிடுங்க சார்."

"சாகடிக்கலாம். மூணு இதழ்ல திரும்பி வந்துடுவான். நம்ம கதையில எவன் செத்தே போயிருக்கான்?"

6. குவார்ட்டர்ஸில்

முடியாது என்ற பதிலைச் சொல்ல அவருடைய குவார்ட்டர்ஸுக்கே போனேன். கலியமூர்த்தியும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

"பரவால்ல விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் அவர். "போன வாரம் அவனுக்கு வருஷப் படையல் போட்டோம் மேடம். பேரச் சொல்லிக் கும்புட்டோம். பக்கத்து வூட்டுப் புள்ள ஒண்ணு சிரிச்சிகினே 'துரோகி தனா'ன்னுது. சின்னது, அதுக்கு என்ன தெரியும்?"

"பழைய புத்தகம் எல்லாம் உங்ககிட்ட இருக்கு இல்லீங்களா? அதுல அவன் நல்லவன்தானேங்க" என்றேன்.

"எடுத்துப் பாத்தேங்க. கேன்டீன்ல சிரிச்சிகினு நிக்கறான். முன்னெல்லாம் அதப் பாத்தா மனசு குளுந்துடும். இப்பப் பாத்தா, அப்பவே எதையோ உள்ள வெச்சிகினு சிரிக்கறானோன்னு தோணுது. எம் புள்ளையையே நான் அப்படி நெனைக்கறேன் மேடம்" என்றார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. மூன்று வருஷம் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். இப்போது கதை ஃபோனில் வருகிறது. துரோகி தனா இரண்டு முறை செத்து இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கன்டின்யுட்டி நோட்டு எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒருவருடைய வயதையும் தழும்பையும் எழுதுவதற்கு முன்னால், அவர் எதைச் செய்யமாட்டார் என்று எழுதிவையுங்கள் என்று சொல்கிறேன். எழுதிவைக்க முடியாவிட்டால் அவரை நீக்கிவிடுங்கள். தனசேகரை நான் நீக்கியிருந்தால் அந்த மனுஷன் சில மாதம் வருத்தப்பட்டிருப்பார், பிறகு பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். காப்பாற்றுகிறேன் என்று போய், அவரிடம் மிச்சமிருந்த மகனையும் நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.