ஐயா ஏர் பிடித்த படம்

குத்தகைக்கு உழுபவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் வந்திருந்த காலம். கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த எனக்கு அதுவரை கல்யாணமும் சாவும்தான் பிழைப்பு. திடீரென்று ஒரு மிராசுதார் வந்து, தான் ஏர் உழுவதுபோல் ஒரு படம் வேண்டும் என்றார். ஆட்சி மாறிய வாரமே வேட்டிக்கரையையும் மாற்றிக்கொண்டவர். வயலைத் தானே உழுவதாகத் தாசில்தாரிடம் காட்டிவிட்டால், அதை உழுதுவந்த குத்தகைக்காரரின் மனு தள்ளுபடியாகிவிடும். அந்த மனுஷன் அடுத்த போகத்துக்கு வயலில் கால் வைக்க முடியாது.

மாடு மிராசுதாருக்கு நிற்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐயா மாட்டைத் திட்டினார். கடைசியில் அந்தக் குத்தகைக்காரரையே கூப்பிட்டனுப்பினார்கள். வழக்கு வேறு, ஐயா கூப்பிட்டால் போவது வேறு, அவரும் வந்தார். ஐயாவின் முதுகுக்குப் பின்னால் குனிந்து கலப்பையின் மேழியைப் பிடித்துக்கொண்டார். வானம் மூட்டமாக இருந்தது. இந்த மங்கலில் பின்னால் குனிந்திருக்கும் ஆள் படத்தில் தெரியாது என்று சொன்ன மேதாவி நான்தான்.

படத்தில் ஐயாவே தெரியவில்லை. அடிப்பிடித்த சட்டி மாதிரி முகம். மறுநாள் விசாரணை, வெளியே அடைமழை. நெகட்டிவை வெளுத்து மறுபடி டெவலப் செய்தால் மங்கல் போய் உருவம் அழுத்தமாகத் தெரியும் என்றேன். நம்பாமல் அவரும் இருட்டறைக்குள் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். வெளுக்க வைக்கிற பைக்ரோமேட் கரைசலில் நெகட்டிவைப் போட்டதும் படம் மெல்ல மறைந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது.

“என்ன தம்பி, என்னையக் காணோம்?”

“இருக்கீங்க. இப்ப வருவீங்க.”

கரைசலின் மஞ்சள் போகக் கழுவி டெவலப்பரில் விட்டேன். வந்தார், மீசையோடு. அவர் பின்னால், மேழியை இரண்டு கையாலும் பிடித்தபடி குத்தகைக்காரரும் வந்தார். வேண்டாததை நெகட்டிவிலிருந்து சுரண்டி எடுக்கிற பிளேடு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனாலும் மெனக்கெட்டு வரவழைத்த ஆளைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. பிரிண்டை வாங்கிய ஐயா, மீசையை மட்டும் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

படம் எடுத்தவன் என்பதால் விசாரணைக்கு நானும் போக வேண்டியிருந்தது. தாசில்தார் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“பின்னால மேழியப் பிடிச்சிருக்கிறது யாருங்க?”

“அவனா? அவன்தானே இருபது வருஷமா அந்த வயல உழுறான்,” என்றார் ஐயா, அலட்சியமாக. “அவன் இல்லாம மாடு அசையாதுங்க.”

தாசில்தார் பேனாவைத் திறந்தார். வாசலோரம் நின்ற குத்தகைக்காரரை உள்ளே கூப்பிட்டார்.

“அப்பா பேரோட முழுசாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”