லிசாந்த்ரோவின் நாற்காலி

எமெரித்தாவின் நாற்காலி ஆடாது. ஆடுவதற்கென்றே செய்த நாற்காலிதான். சிவந்த மரம், பிரம்பு பின்னிய இருக்கை, முன்னும் பின்னும் வளைந்து நீண்ட அடிக்கட்டைகள். ஆனால் அந்த வளைவுகளுக்குக் கீழே மரத்துண்டுகளைச் செருகி முட்டுக்கொடுத்திருந்தார்கள். துக்கம் விழுந்த வீட்டில் நாற்காலி ஆடக்கூடாது என்பது அவளுடைய மாமியார் டோன்யா ப்ருடென்சியா போட்டிருந்த சட்டம்.

எங்கள் ஊரான மோம்போஸில் ஆடுநாற்காலி இல்லாத வீடு கிடையாது. வெயில் தணிந்ததும் கதவுகள் திறக்கும், நாற்காலிகள் நடைபாதைக்கு வரும். மீன் விலை, தேர்தல், யார் மகள் யாருடன் பேசினாள் என்ற வம்பு எல்லாம் ஆடிக்கொண்டே பேசி முடிக்கப்படும். இதைக் கண்டுபிடித்தது யார் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். பெயர் தெரியாத எவரோ தொட்டிலின் அடிக்கட்டையை நாற்காலிக்குப் பொருத்தியிருக்கிறார், அவ்வளவுதான் சொல்ல முடியும். கடல் கடந்து, மக்தலேனா ஆற்றில் நீராவிக் கப்பலேறி அது எங்களிடம் வந்தது. எங்கள் தச்சர்கள் பார்த்துச் செய்து, புழுக்கத்துக்கு ஏற்றபடி பிரம்பு பின்னிக்கொண்டார்கள். பிறகு ஆறு தன் பெரும்போக்கை வேறு கிளைக்கு மாற்றிக்கொண்டது. பெரிய கப்பல்கள் எங்களை விட்டுப் போயின. நாற்காலி தங்கிவிட்டது. பெரிய மாளிகையானாலும் மண் வீடானாலும் அதில் ஒன்றாவது இருக்கும். பிறந்தவுடன் உடம்பு பழகிய ஆட்டத்தை வளர்ந்த பிறகும் அது தருகிறது. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், காலால் ஓர் உந்து போதும்.

அந்த உந்துதான் எமெரித்தாவுக்கு மறுக்கப்பட்டது.

அவள் அக்கரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாள். ஓராண்டு நிறைவதற்குள் மாடுகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து அவள் கணவன் லிசாந்த்ரோ இறந்துபோனான். ஒன்பது இரவு ஜெபம் முடிந்த மறுநாளே அவனுடைய தம்பி அனிபால் நாற்காலியைத் தெருவில் போட்டு, காலை நீட்டி, சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆணின் துக்கம் அவ்வளவுதான். பெண்ணின் துக்கத்துக்கு முடிவுநாளை மாமியார் சொல்ல வேண்டும். டோன்யா சொல்லவில்லை. சொல்லக்கூடும் என்று தோன்றிய சமயம் மாமனார் இறந்தார். துக்கம் முதலிலிருந்து தொடங்கியது. அது தீரும்போது கார்த்தஹேனா நகரத்தில் லிசாந்த்ரோவின் அத்தை ஒருத்தி இறந்தாள். அந்த அத்தையை எமெரித்தா கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கறுப்பு உடை நைந்து, புதுக் கறுப்பு உடை தைக்கப்பட்டது. எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம் தெரியும். சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலமாயிற்று.

கடைசியில் ஓர் ஆண்டு, தேவாலயத்தில் எல்லாரும் கேட்க டோன்யா வாக்குக் கொடுத்தார். ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம் எமெரித்தா நாற்காலியை வெளியே போட்டுக்கொள்ளலாம். "தெருவுல உக்காந்து நான் மொதல்ல என்ன பேசப்போறேன் தெரியுமா வாத்தியாரே?" என்று சன்னல் வழியே என்னிடம் கேட்டாள். "ஒண்ணுமே பேச மாட்டேன். சும்மா ஆடுவேன். கால் வலிக்கற வரைக்கும் ஆடுவேன்."

ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை மதியம் அந்த வீட்டிலிருந்து அலறல் கேட்டது. தெருவே ஓடியது. நானும் ஓடினேன்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள் அருகருகே கிடந்தன. ஒன்று எமெரித்தாவுடையது. மற்றது இறந்த லிசாந்த்ரோவுடையது. அதற்குக் கொடுத்திருந்த முட்டுகளைக் கறையான் அரித்துவிட்டது. காலி நாற்காலி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"என் புள்ள வந்துட்டான்!" என்று டோன்யா மார்பில் அடித்துக்கொண்டார். "பாருங்க, எப்படி ஆடுறான்! இவ தெருவுக்குப் போகப்போறாள்ல, அதான் பொறுக்காம வந்துட்டான்!"

அனிபால் வாயில் பாலாடைக்கட்டியோடு சிலுவைக்குறி போட்டான்.

"டோன்யா, கொல்லைக் கதவு தொறந்து கெடக்கு. ஆத்துக் காத்துதான் அடிக்குது" என்றேன். போய்க் கதவைச் சாத்தினேன். நாற்காலி நின்றது. திறந்தேன். ஆடியது. மறுபடி சாத்தினேன். நின்றது. "பாத்தீங்களா?"

"பாத்தேன் வாத்தியாரே" என்றார் டோன்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காத்துலதான் வர்றான். பின்ன எதுல வருவான், கப்பல்லயா? கப்பல்தான் நின்னுபோச்சே. கதவைச் சாத்துனா போயிடறான் பாருங்க. சின்னதுலேருந்தே அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி."

கூட்டம் சிரித்தது. சிரித்தது என்னைப் பார்த்து.

கண்ணெதிரே காட்டிய பிறகும் நம்பாதவர்களிடம் வேறு எதைக் காட்டுவது? அதற்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. "ஈஸ்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் அடங்கற வரைக்கும் இவ உள்ளதான் கெடக்கணும்."

எமெரித்தா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை" என்றாள். "அவரு எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருக்காரு?"

"ஏன், தெருவைப் பாத்துத்தான்."

"உசுரோட இருந்தப்ப ஒரு நாளாவது சாயங்காலம் வீட்டுக்குள்ள தங்கியிருக்காரா? நீங்கதானே திட்டுவீங்க, உனக்குத் தெருதாண்டா பொண்டாட்டின்னு."

"ஆமா, திட்டியிருக்கேன்" என்றார் டோன்யா, குரல் இறங்கி.

"அவரைப் போயி இத்தனை காலமா இருட்டுல, காலுக்கு முட்டு வேற குடுத்து அடைச்சு வச்சிருக்கோம். புழுங்காதா மனுசனுக்கு? கட்டையை ஒடச்சுக்கிட்டு ஆடுறாரு. வெளிய போடுங்கன்னு கேக்கறாரு அத்தை."

"அதானே!" என்றாள் அடுத்த வீட்டு ரெமேதியோஸ். "பாவம் லிசாந்த்ரோ. தெரு இல்லாம அவன் எப்படி இருப்பான்?"

டோன்யா அந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "சரி. அவன் நாற்காலியைத் தூக்கி வெளிய போடுங்க."

"தனியாவா?" என்றாள் எமெரித்தா. "பொண்டாட்டி உள்ள இருக்க, புருசன் மட்டும் தெருவுல ஒத்தையா ஒக்காந்திருந்தா ஊரு என்ன பேசும்? ரெண்டு பேருக்கும் சண்டைன்னு பேசாதா?"

அன்று மாலை இரண்டு நாற்காலிகள் தெருவுக்கு வந்தன. எமெரித்தாவின் நாற்காலிக்குக் கீழேயிருந்த முட்டுகளை ரெமேதியோஸே பிடுங்கினாள். எமெரித்தா உட்கார்ந்து காலை ஊன்றி உந்தினாள். ஆடினாள். கண்ணை மூடிக்கொண்டு, இருட்டும்வரை ஒரு வார்த்தை பேசாமல் ஆடினாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சில நாள் கழித்து அவளிடமே சொன்னேன். "காத்துன்னு உனக்குத் தெரியும். பேய்க் கதையைச் சொல்லி அவங்க மூடநம்பிக்கைய இன்னும் கெட்டியாக்கிட்டியேம்மா."

"நீங்க நெசத்தைச் சொல்லிக் கதவைச் சாத்திச் சாத்தித் தொறந்தீங்க வாத்தியாரே" என்றாள். "நான் உள்ளயேதானே இருந்தேன்?"

உயிரோடிருக்கும் ஒரு பெண் காற்று வாங்குவதற்குச் செத்துப்போன ஆணின் சிபாரிசு வேண்டியிருக்கிறது. இந்த அநியாயத்தை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

டோன்யாவும் சும்மா இருக்கவில்லை. லிசாந்த்ரோவின் நாற்காலி வலப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்றார். அதில் யாரும் உட்காரக்கூடாது. அது வெளியே வந்தால் இவள் வரலாம், அது உள்ளே போனால் இவளும் போக வேண்டும். அவனுக்கும் ஒரு கோப்பை காப்பி வைக்க வேண்டும். தூறல் போட்டால் முதலில் அவனைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். எமெரித்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தெருவில் அவளுடைய சிரிப்பு மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தது.

மழைக்காலத்துக்கு முன் பக்கத்து ஊரான மகாங்கேயிலிருந்து பிரம்பு பின்னும் ஓபீதியோ வந்தார். வீடு வீடாக இற்றுப்போன இருக்கைகளைப் பிரித்துப் புதிதாகப் பின்னுவது அவர் தொழில். மனைவியை இழந்தவர், வாயாடி. ரெமேதியோஸ் வீட்டு வாசலில் பின்னிக்கொண்டே எமெரித்தாவிடம் வம்பிழுப்பார்.

"இந்த ஆட்டம் ஆடுறீங்களே, மகாங்கேவரைக்கும் போயிருக்கலாம் இந்நேரம்!"

"போயிட்டுத் திரும்பியும் வந்துட்டேன். உங்களுக்குத்தான் ஒரு இருக்கை முடிக்க முடியல."

"அழகா இருக்கறவங்க எதிர ஒக்காந்தா கை ஓடுமா?"

தெரு சிரித்தது. சன்னலுக்குப் பின்னால் டோன்யா சிரிக்கவில்லை. எமெரித்தா தலைமுடியை வேறு விதமாகக் கட்டத் தொடங்கியதை நானே கவனித்தேன். உடை கறுப்புத்தான், ஆனால் காதில் சின்னதாக வெள்ளிக் கம்பித் தோடு.

ஒரு மாலை ஓபீதியோ வேலையை முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றியபடி, நேராக எமெரித்தாவிடம் வந்தார். வம்பு பேசும் முகமாக இல்லை. ஏதோ சொல்லத் தீர்மானித்து வந்தவர் போலிருந்தார். வலப்பக்கத்து நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டார்.

"இது காலிதானே? கொஞ்சம் ஒக்காந்து பேசட்டுமா?"

அக்கம்பக்கத்தில் எல்லா நாற்காலிகளும் நின்றன. அது யாருடைய நாற்காலி என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எமெரித்தா சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கம்பிகளைப் பிடித்தபடி டோன்யா நின்றுகொண்டிருந்தார். அந்த நாற்காலி காலி என்றால் இவளுக்குத் தெருவில் வேலையில்லை. இப்போதே, இந்த நிமிடமே உள்ளே போக வேண்டும். நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்ல எழுந்தேனோ தெரியாது.

"இல்லீங்க" என்றாள் எமெரித்தா. "ஆள் இருக்கு."

வேடிக்கை என்று நினைத்து ஓபீதியோ சிரித்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, "மன்னிச்சுக்குங்க" என்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தே சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கமாக நடந்தார்.