ரோடு வந்த பிறகு

என் அக்கா சண்முகவள்ளி பதினோரு வருடம் ஒரு ரோட்டுக்காகக் காத்திருந்தாள். ஊர் உலகத்தில் பெண்கள் ஜாதகம் பொருந்தக் காத்திருப்பார்கள், நகை சேரக் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில்தான் இந்த அதிசயம். கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலிருந்து கூக்காலுக்குப் போட வேண்டிய ரோடு அது. அக்கா அந்தப் பக்கம் போனதே கிடையாது.

இதற்கெல்லாம் காரணம் என் அப்பா மயில்சாமி. பழனி அடிவாரத்தில் விபூதி, குங்குமம் விற்கும் சின்னக் கடை அவருக்கு. படித்தது எட்டாவது. ஆனால் பேப்பரில் விஞ்ஞானம் என்று நாலு வரி வந்தாலும் கத்தரித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவார். இரண்டாயிரமாவது வருடத்தில் உலகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மனுசனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் வேலை, மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இயந்திரமே யோசிக்கும். சோற்றுக்குப் பதில் மாத்திரை. அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று என் அம்மா பொன்னுத்தாய் ஒரு நாள் கேட்டாள். அப்பா இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

அப்பாவின் தங்கை கந்தம்மாள் அத்தையைக் கூக்காலில் கட்டிக் கொடுத்திருந்தது. உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் போடுகிற குடும்பம். அத்தையின் புருசன் சின்னச்சாமி மாமா. ஒரே மகன் நல்லசாமி. அவனுக்குத்தான் அக்கா என்று அவள் பிறந்தபோதே பேசிவிட்டார்கள். முறைப்பெண், யாரும் கேட்கவும் வேண்டியதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

நல்லசாமிக்கு அடுத்து வெகுநாள் கழித்து அத்தைக்கு ஒரு பெண் பிறக்க இருந்தது. வலி வந்து இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் பிள்ளை செத்தே பிறந்தது. அத்தை பிழைத்தாள். அப்பாவுக்குக் கடிதம் வந்து சேர்ந்தது பத்தாம் நாள். கடிதத்தைப் படித்துவிட்டு, ரோடு இல்லாத ஊருக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்றார். நியாயமான பேச்சுதான். அப்போது எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஆனால் தங்கையிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் உறவு அன்றோடு அறுந்தது. மாட்டேன் என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல் இருக்க அவருக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியை வானத்தில் சுற்றிய ரஷ்யாக்காரன் உருண்டை காட்டிக் கொடுத்தது.

ஐம்பத்தெட்டாம் வருடத் தைப்பூசம். வருடா வருடம் மாமா குடும்பம் காட்டு வழியாகவே இறங்கி நடந்து வந்து எங்கள் வீட்டில் தங்கும். அக்காவுக்கு அப்போது பதினேழு. சாப்பிட்டு முடித்ததும் மாமா கல்யாணப் பேச்சை எடுத்தார். அப்பா கடையிலிருந்து குங்குமப் பொட்டலங்களை அள்ளி வந்து தரையில் வரிசையாக வைத்தார். இது வண்டி, இது ரயில், இது பிளேன், இது வானத்தில் விட்ட உருண்டை. வண்டிக்கும் ரயிலுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. ரயிலுக்கும் பிளேனுக்கும் ஒரு சாண். பிளேனுக்கும் உருண்டைக்கும் நாலு விரல். வர வர ஒவ்வொன்றும் முன்னதைவிட வெரசாக வருகிறது, இனி வரப்போவதெல்லாம் ஒட்டிக்கொண்டே வரும், அந்தக் கணக்கில் கூக்கால் ரோடு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகாது என்றார்.

மாமா பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாயில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"மச்சான், எங்கப்பன் காலத்துல பூண்டு அஞ்சு மாசத்துல வெளஞ்சுச்சு. இப்பவும் அஞ்சு மாசந்தான். பூண்டையும் கொஞ்சம் வெரசா வெளையச் சொல்லி ஒங்க உருண்டைகிட்டச் சொல்லுங்களேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கு அது போதும், ரோசம் வந்துவிட்டது. மறுநாள் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் இந்தத் தையிலேயே கல்யாணம், வெள்ளை வந்தால் ரோடு வந்த பிறகு. சன்னதியில் யாரோ ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது.

அந்தப் பூவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சாமியிடம் இரண்டே வழியைக் கொடுத்துவிட்டு, இரண்டையும் தாமே வகுத்துவிட்டு, சாமி உத்தரவு என்றார்கள். ரோடு எப்போது வரும் என்று யாரும் சாமியிடம் கேட்கவில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை. இனி மாற்றிப் பேசினால் தெய்வக் குற்றம்.

மறு வருடம் மாமா வந்து, ரோட்டுக்கு அளந்து கல் நட்டிருக்கிறார்கள் என்றார். அப்பா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். அம்மா கூறைச் சேலை விலை விசாரித்தாள். அதற்கு அடுத்த வருடம் கல் என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். அதில் மாடு முதுகு சொறிகிறது என்றார் மாமா.

அறுபத்தொன்றில் ஒருவன் வானத்துக்கே போய்த் திரும்பினான். அந்த வருடத் தைப்பூசம் முடிந்த பிறகு வந்த சேதி என்பதால் அப்பா ஒரு வருடம் அதை அடக்கி வைத்திருந்து அடுத்த பூசத்தில் மாமாவிடம் கொட்டினார். பொட்டலங்கள் கூடின, இடைவெளி குறைந்தது. இயந்திரம் எல்லாம் செய்துவிட்டால் மனுசன் என்ன செய்வான் என்று மாமா கேட்டார். சும்மா இருப்பான், பாடுவான், படிப்பான் என்றார் அப்பா. சும்மா இருக்கிறவனுக்குப் பெண் யார் கொடுப்பார்கள் என்றார் மாமா. இப்படியே பொழுது போகும். சத்தம் கேட்டுத் தெருவே வந்து உட்கார்ந்து கேட்கும். பூசத்துக்குப் பூசம் அது ஒரு கச்சேரி மாதிரி ஆகிவிட்டது. யாருக்காகப் பேச ஆரம்பித்தோம் என்பதை இரண்டு பேரும் மறந்துபோனார்கள் என்றுதான் நினைக்கிறேன். அக்கா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருப்பாள்.

நல்லசாமி மச்சான் இதில் வாயே திறக்க மாட்டார். வாசலில் காலைக் கழுவிக்கொண்டு வந்து சுவரோரம் உட்காருவார். ஊருக்குக் கிளம்பும்போது அடுப்படிப் பக்கம் திரும்பி, வாறேன் என்பார். அக்கா, சரி என்பாள். வருடத்துக்கு அந்த இரண்டு சொல்தான்.

அறுபத்துமூன்றில் ஒட்டன்சத்திரத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அக்காவை வைத்துக்கொண்டு தங்கைக்கு எப்படி என்று அப்பா திருப்பி அனுப்பினார். நான் அன்று அக்காவிடம் கோபித்துக்கொண்டேன். அவள் என்ன செய்வாள் பாவம். இருந்தாலும் கோபித்துக்கொண்டேன். அவள் எனக்குத் தலை வாரிவிட்டாள்.

அறுபத்தாறில் சாமி மலைக்கு விஞ்சு வந்தது. இழுவை ரயிலில் உட்கார்ந்தபடி மலையேறலாம். அப்பா முதல் வாரத்திலேயே ஏறி இறங்கிவிட்டு, அடுத்த பூசத்தில் மாமாவையும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றினார். இறங்கி வந்த மாமா, சாமி இருக்கிற மலைக்கு எல்லாம் வரும் மச்சான், நாங்கள் இருக்கிற மலைக்கு வரட்டும் பார்க்கலாம் என்றார். அன்றைக்கு அவர் குரலில் கேலி இல்லை, இளைத்துப்போயிருந்தார். எனக்கும் அலுத்துவிட்டது. அம்மாவுக்கு அலுத்து வெகுநாளாகிறது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா தங்கை வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. கட்டிக்கொடுத்தபோது கல்யாணம் பழனியிலேயே நடந்தது. பிள்ளை செத்தபோதும் போகவில்லை. பூம்பாறை வரைக்கும் பஸ் போகிறதே என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் கரடு, காடு, மனுசன் போகிற பாதையா என்பார் அப்பா. ரோடு வரட்டும், காரிலேயே போய் இறங்கலாம் என்பார்.

அறுபத்தொன்பது ஆடியில் நிலாவில் ஆள் இறங்கிய சேதி வந்தது. எதிர்க்கடை ரேடியோவைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம். அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். அழுதுகொண்டே சிரித்தார். அவர் கண்ணில் அவ்வளவு சந்தோசத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பொட்டலங்களைத் தரையில் பரப்பி, கடைசிப் பொட்டலத்தை முந்தினதோடு ஒட்டி வைத்தார். இனி இடைவெளியே இல்லை, எண்ணி ஒரே வருடம், ரோடு வந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னார்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நிலாவுக்குப் போனவுக ரோடு போட்டுட்டா போனாக?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். தெரியாததைக் கேட்கிற மாதிரி இருந்தது. அப்பா ஒட்டி வைத்த பொட்டலத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். இத்தனை பூசத்தில் மாமாவால் அப்பாவின் வாயை அடைக்க முடிந்ததில்லை. பேச்சில் அவர் தோற்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நாளைக்கு வெள்ளனே கெளம்புறேன். அத்தை வீட்டைப் பாத்துட்டு வாறேன்" என்றாள் அக்கா.

அம்மா பதறினாள். ஆடி மாதம், சாரல் காலம், அதுவும் பெண்ணாகப் போய் நிற்பதா, பூ என்ன சொன்னது என்றெல்லாம் சொன்னாள்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. நானும் வருகிறேன் என்றேன். விடியும்போது அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். பஸ் நிலையத்துக்குப் போனால் அப்பா குடையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். மூன்று டிக்கெட் எடுத்தார்.

அன்று முழுக்கப் பஸ்ஸிலேயே போயிற்று. ராத்திரி பூம்பாறையில் கோவில் மண்டபத்தில் படுத்துவிட்டு விடிந்ததும் நடந்தோம். நான் பயந்துகொண்டேதான் போனேன். பதினோரு வருடம் கேட்ட பேச்சில் அந்தப் பாதை என் மனசில் யமலோகத்துக்குப் போகிற வழியாக ஆகியிருந்தது. இருந்தது ஒற்றையடிப் பாதை. ஏறியது, இறங்கியது, ஓடையில் கல் மேல் கால் வைத்துத் தாண்டினோம். அட்டை கடித்தது, பிடுங்கிப் போட்டோம். விறகுக் கட்டோடு எதிரே வந்த ஒரு கிழவி, கூக்காலுக்கா, இதோ கெடக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா பின்னால் வந்தார். வளைவுக்கு வளைவு நின்றார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தங்கைப் பிள்ளை செத்த இடம் இதுவாக இருக்குமோ என்று ஒவ்வொரு வளைவையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

உச்சிப் பொழுதுக்கு முன்னாலேயே ஏரி தெரிந்தது. ஏரிக்கு மேலே படிப்படியாகப் பூண்டுக் காடு. களை எடுத்துக்கொண்டிருந்த கந்தம்மாள் அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த களைக்கொத்தைப் போடவும் தோன்றாமல் அப்பாவைப் பார்த்து நின்றாள்.

"வந்துட்டியாண்ணே" என்றாள்.

அப்பா அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மேல் காட்டிலிருந்து நல்லசாமி மச்சான் இறங்கி வந்தார். காதோரம் நரைத்திருந்தது. நடந்தா வந்தீக என்று அக்காவிடம் கேட்டார். நடந்துதான் என்றாள் அக்கா. தண்ணி கொண்டாறேன் என்று வீட்டுப் பக்கம் போனார்.

நானும் அக்காவும் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அவள் காலை நீட்டி, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அட்டை கடித்த இடத்தில் துளி ரத்தம், அவ்வளவுதான்.

"ஒனக்குக் காலு வலிக்குதாடி?" என்றாள்.

இல்லை என்றேன்.

"எனக்கும் வலிக்கலடி" என்று சொல்லிவிட்டு அக்கா அழ ஆரம்பித்தாள்.