ஸ்பீக்கரில் லோர்னா

இது இட்டுக்கட்டிச் சொல்கிற கதை இல்லை. அன்றைய அழைப்புப் பட்டியல் இன்னும் என் போனில் இருக்கிறது. யார் கேட்டாலும் காட்டுவேன்.

நான் ஊர் ஊராகப் போகிற ஒப்பந்த நர்ஸ். பதிமூன்று வாரம் ஓர் ஆஸ்பத்திரி, அப்புறம் வேறு மாநிலம். கார் ஓட்டப் பயப்படுகிறவள் எடுக்கிற வேலையா இது என்று கேட்காதவர்கள் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு ஒரே ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வேர்த்துவிடும். அதனால் வண்டியில் ஏறியதும் ஒஹையோவில் இருக்கும் என் அக்கா லோர்னாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். அவள் வாய் ஓயாமல் பேசுவாள். நான் பயப்பட மறந்துவிடுவேன்.

நார்த் டகோட்டா. மார்ச் முதல் வாரம். அன்றைய இரவு ஷிப்டில் என் நோயாளிகள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. காலை 7.20க்கு காரைக் கிளப்பினேன். விடிந்திருந்தது, ஆனால் எங்கே பார்த்தாலும் மூடுபனி. வாடகை வீட்டுக்கு இருபத்திரண்டு மைல்.

"என்னடி கோரி, நத்தையெல்லாம் உன்னை ஓவர்டேக் பண்ணுதா?" என்றாள் லோர்னா.

"முப்பதுல போறேன்."

"அடேயப்பா, ராக்கெட்டு!"

பின்னால் அவள் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் கூச்சல். நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

7.31. ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"லோர்னா, இருக்கியா?"

"இருக்கேன், கோரின்."

அவள் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிள்ளைகளின் கூச்சல் நின்றிருந்தது. நாயும் குரைக்கவில்லை. ஸ்கூல் பஸ் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

கிண்டலும் நின்றுபோனது. "நேராப் போ... நேராப் போ..." அவ்வளவுதான்.

7.44.

"வலது பக்கம் ஒரு சிவப்புக் கொட்டகை வரும். தாண்டினதும் இடது பக்கம் திரும்பு."

கொட்டகை வந்தது. சிவப்பு.

லோர்னா இந்த மாநிலத்துக்கே வந்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பினேன். பயம்கூட மரத்துப்போயிருந்தது.

தார் முடிந்து சரளை வந்தது. டயருக்கடியில் கர்... கர்...

பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

7.52.

"நிக்காதே, கோரின்."

ஊர்ந்துகொண்டிருந்தேன்.

"தூங்கணும்தானே... இன்னும் கொஞ்சம்."

டக்! டக்! டக்!

யாரோ என் பக்கக் கண்ணாடியை அறைந்தார்கள். கால் தானாக பிரேக்கை மிதித்தது.

மீன் பிடிக்கிற கிழவர் ஒருவர். கையில் வாளி. காரோடு ஓடிவந்ததில் மூச்சு இரைத்தது.

"நர்ஸ் டிரெஸ்லயா மீன் பிடிக்க வந்தீங்க?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "மெதுவா இறங்கி, நான் வந்த வழியிலேயே வாங்கம்மா. நீங்க உறைஞ்ச ஏரி மேல நிக்கிறீங்க. முன்னாடி பத்தடியில ஐஸ் உருகிடுச்சு."

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

அவர்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். 9.05க்கு லோர்னாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"என்னடி உளர்ற? பதினோரு நிமிஷத்துலயே லைன் கட் ஆயிடுச்சே!"

என் போனைப் பார்த்தேன். 7.20. பதினோரு நிமிடம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. "கட் ஆச்சுன்னா நீ பதற மாட்டியா? யாருக்காவது போன் பண்ணித் தேடச் சொல்ல மாட்டியா?"



"நீதானேடி திரும்பக் கூப்பிட்ட... லைன் கட் ஆகி சரியா இருபத்தொரு நிமிஷம் கழிச்சு. வீட்டுக்கு வந்துட்டேன், தூங்கப் போறேன், ரெண்டு நாளைக்கு என்னைத் தேடாதேன்னு சொன்ன. உன் குரல்தான், கோரி."