ஏழாம் பக்கத்துக் கொட்டாவி

தவளக்குப்பம் ஜங்ஷனில் ஹார்டுவேர் கடை — நான் வைத்தது. உப்பளத்தில் இரண்டு மாடி வீடு — நான் கட்டியது. மில்லை மூடி எங்களை வெளியே அனுப்பியபோது கையில் இருந்தது ஒரு சைக்கிளும் ஐந்தாம் கிளாஸ் படிப்பும். இரண்டுமே அரைகுறை. 'ஆணி விக்கிறவனுக்கு எழுத்து எதுக்கு?' என்று கேட்ட பட்டதாரிகள் இன்று வாரா வாரம் இந்தப் பத்தியில் தப்புக் கண்டுபிடித்து மெயில் போடுகிறார்கள். படிக்கிறார்கள், இல்லையா?

இத்தனையும் கட்டியவன் போன மாதம் ஒன்றை இடிக்கப் பார்த்தேன். என் சம்சாரம் எழுதிய புத்தகத்தை.

மங்கை பால்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். பன்னிரண்டு வருஷமாகக் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதுகிறாள். எழுத்தாளர் என்றால் என்ன நினைப்பீர்கள்? ஜன்னல் ஓரம், காபி, தூரத்துப் பார்வை... எங்கள் வீட்டில் சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டே கதை வசனத்தை எலிக் குரலில் பேசிப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒரு நாள், "உள்ள யாருக்காவது ஒடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எழுதுவதெல்லாம் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில்.

எழுதி முடித்ததும் மத்தியானம் மூன்று மணிக்கு எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் சாப்பிட்டுவிட்டு ஈஸி சேரில். என் மூளையைக் கேட்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். "எலிக்குப் பதிலா யானையப் போடு, கெத்தா இருக்கும்" என்பேன். தலையாட்டுவாள். புத்தகத்தில் எலிதான் வரும்.

போன மாதம் கடைச் சாவியைத் தேடும்போது அந்தத் தாள்கள் கையில் சிக்கின. ஓரத்தில் பென்சிலில் 'கொ', 'கொ', 'கு'.

"என்னம்மா இது?"

"கொ-ன்னா நீங்க கொட்டாவி விட்ட எடம். கு-ன்னா குறட்டை."

"அப்போ நான் சொன்ன கருத்தெல்லாம்?"

"அது யாருக்கு வேணும்? நீங்க அஞ்சு வயசுப் புள்ள மாதிரிங்க. போரடிச்சா மறைக்கத் தெரியாது. எங்க கொட்டாவி விடுறீங்களோ, அந்த எடத்த வெட்டிடுவேன்."

பன்னிரண்டு வருஷம்! அவளுடைய கடைசிப் புத்தகத்தை எடுத்து நன்றிப் பக்கத்தைப் பார்த்தேன். 'எங்கள் மொட்டை மாடிக் காக்கைக்கு' என்று இருந்தது. காக்கை! அதற்குச் சோறு வைத்தது யார்? சரி, அவள்தான். அரிசி வாங்கியது யார்?

அன்றே முடிவு செய்தேன். இனி கொட்டாவியே கிடையாது. மரியாதையாக உட்கார்ந்து கேட்டால் நன்றிப் பக்கத்தில் என் பேர் தன்னால் வந்துவிட்டுப் போகிறது.

புதுக் கதை, ஹெல்மெட்டுக்குள் குடித்தனம் நடத்தும் ஒரு எலி. பாண்டிச்சேரியில் எப்போதும் காலியாக இருக்கும் இடம் ஹெல்மெட்தானே! ஆரம்பம் அமர்க்களம். ஏழாம் பக்கத்தில் அம்மா எலி வந்தது... சாலை விதி, பல் தேய்ப்பது, பெரியவர்களை மதிப்பது என்று மூன்று பக்கத்துக்கு உபதேசம். டீச்சர் புத்தி! நான் இரண்டு ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் தொண்டை வரை வந்துவிட்டது. தொடையைக் கிள்ளி, பல்லைக் கடித்து, உள்ளேயே அனுப்பினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கதையில் உருகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"மொத தடவையா ஒரு 'கொ' கூட இல்லங்க!" அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கதை அன்றைக்கே படம் போடும் பெண்ணுக்குப் போய்விட்டது.

போன வாரம் திங்கட்கிழமை பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் வாசித்துக் காட்டப் போனாள். முப்பது வாண்டுகள். நான் பின்னால் ஒரு குட்டி நாற்காலியில். ஆறு பக்கம் வரை ஒரே சிரிப்பு. ஏழில் ஒருத்தி முன்னால் இருந்தவளின் ரிப்பனை அவிழ்த்தாள். எட்டில், "மிஸ், ஒண்ணுக்கு!" என்று ஒருத்தன் எழுந்தான், அவன் பின்னாலேயே அரை கிளாஸ். ஒன்பதில் ஒரு பொடியன் வாய் முழுக்கக் கொட்டாவி விட்டான். கொட்டாவி ஒட்டிக்கொள்ளும் சமாச்சாரமாயிற்றே? எனக்கும் வந்துவிட்டது. சத்தத்தோடு.

மங்கை பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்குக் கிளம்பினோம். ஸ்கூட்டர் ஹேண்டிலில் ஹெல்மெட் மட்டும் ஆடிக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு அடக்கிக்கிட்டீங்க, இல்ல?"

"ஆமா."

"ஏன்?"

"நீ என் பேரப் போடுவேன்னு..."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "எல்லாரும் 'நல்லாருக்கு டீச்சர்'னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் தூங்குவீங்க. அத நம்பித்தான் எழுதுறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவுது. படமெல்லாம் வரைஞ்சாச்சு. இப்பப் போயி மூணு பக்கம் ஓட்டைன்னு தெரியுது."

சுருக்கென்றது. ஆணியில் கலப்படம் பண்ணாதவன், கொட்டாவியில் பண்ணிவிட்டேன்.

மறுநாள் பரிகாரம். வஞ்சிரக் குழம்பு, அதன் மேல் தயிர்ச் சோறு, காபி கிடையாது. "படிம்மா" என்றேன். அம்மா எலி வாயைத் திறந்ததுமே 'கு'. வெட்டி எழுதிக்கொண்டு வந்தாள். அம்மா எலி அரைப் பக்கம்தான் பேசியது, அதற்கும் 'கொ'. மூன்றாவது தடவை அம்மா எலியையே காணோம். போலீஸ்காரர் ஒரு வண்டியை மடக்குகிறார், வண்டிக்காரர் அவசரமாக ஹெல்மெட்டை எடுத்து மாட்டுகிறார், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து எலி போலீஸுக்கு சல்யூட் அடிக்கிறது!

எனக்குத் தூக்கம் போய்விட்டது. "அப்புறம் அந்த போலீஸ் என்னா பண்ணாரு?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மங்கை பென்சிலைக் கீழே வைத்தாள்.

படம் போடும் பெண் திட்டிக்கொண்டே மூன்று படத்தைத் திரும்ப வரைந்தாள். வியாழக்கிழமை அதே கிளாஸ், அதே முப்பது பேர். ஒருத்தனும் ஒண்ணுக்குப் போகவில்லை. பெல் அடித்தும் போகவில்லை.

பாராட்ட ஊரே வரும் சார். நேர்மையாகத் தூங்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

நேற்று புரூஃப் வந்தது. நன்றிப் பக்கத்தைத் திருப்பினேன். காக்கை இருக்கிறது. முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்கூட்டர் கூட இருக்கிறது!

மங்கை, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அச்சுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. எழுத்து உன்னுடையது. படம் அந்தப் பெண்ணுடையது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன். 'கொட்டாவி' என்று போட்டு, பக்கத்தில் என் பேர் வர வேண்டும். இனிஷியலோடு.