எட்டு புள்ளி மூன்று

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லாரும் ஜெல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாகப் புரதங்களைக் கூழ் போன்ற ஜெல்லில் ஓட்டி, மின்சாரத்தால் பிரித்து, நீலச் சாயம் போட்டுப் பார்ப்பவள். அவள் ஓட்டினால் பட்டைகள் கோடு கிழித்த மாதிரி நிற்கும். ஆனால் ஒரு மாதமாக எல்லாம் சேறு. எடையில் நெருங்கிய இரண்டு புரதங்கள் தனித்தனியாக நிற்க வேண்டிய இடத்தில் ஒரே நீலத் தீற்றல்.

“சார், அந்தப் பொண்ணுக்குக் கை சரியில்ல. ஜெல் குழியில ஊத்தும்போதே கலக்கிடுது” என்று ஆராய்ச்சி மாணவியைப் பற்றிப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பட்டை வராவிட்டால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக அவரும் சொல்லிவிட்டார். அந்த மாணவிக்கு அது மூன்று வருட உழைப்பு. அந்தப் பெண் அழுதபோதும் அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த இடத்தில் உருப்படியாக இருந்தது கரைசலின் அமிலத்தன்மையை அளக்கப் புதிதாக வந்த பிஎச் மீட்டர் மட்டுமே. முன்பெல்லாம் ஓட்டும் கரைசலுக்குப் பொடிகளை நிறுத்துத் தண்ணீரில் கரைத்ததோடு சரி. மீட்டர் வந்த நாளிலிருந்து சொட்டுச் சொட்டாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, எட்டு புள்ளி மூன்றில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அக்காவுக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை காலை அமில பாட்டில் காலி.

“நாளைக்கு வாங்கக்கா” என்றார் ஸ்டோர்காரர்.

“நாளைக்கு வந்து உன் மூஞ்சியப் பாக்கவா?”

வேறு வழியில்லை. கரைசலை அப்படியே ஊற்றி, “ஓடித் தொலையட்டும்” என்றாள். குழிகளில் ஊற்றியது அதே மாணவியின் கைதான்.

பிற்பகலில் சாயம் கழுவிய ஜெல்லை இருவரும் விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு பட்டைகள். நடுவே சுத்தமான இடைவெளி.

“இன்னைக்கு என்னக்கா மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தல. அமிலம் மட்டும்...”

அக்கா அலமாரியிலிருந்து தன் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். முதல் வருடத்தில் அவளே எழுதி, இரண்டு கோடு போட்டது: ‘கரைத்தால் போதும். அமிலம் சேர்க்கவே கூடாது.’ மீட்டர் வந்த சந்தோஷத்தில் அது சுத்தமாக மறந்துபோயிருக்கிறது. அமிலத்தோடு போன குளோரைடு மாதம் முழுக்கப் புரதங்களைக் குழப்பியடித்திருக்கிறது. அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

பேராசிரியர் தன் அறையில் ஜெல்லைப் பார்த்துச் சிரித்தார். “பரவாயில்லையே, அந்தப் பொண்ணோட கை திருந்திடுச்சு போல.”

ஆமாம் என்று தலையாட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

“அவ கையில எந்தக் கோளாறும் இல்ல சார். ஒரு மாசமா கெடுத்தது நான்தான்” என்றாள். வாசலுக்கு வெளியே நின்ற மாணவிக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.